எட்டாயிரம் கால் அடித்த ஃபில்

மதுரை டிஜே வஜ்ரனுக்குத் தலைக்கனம் அதிகம். அவருக்குக் கம்ப்யூட்டரில் தாளம் கோத்துக் கொடுப்பவள் ஜெபராணி. வேலை அவளுடையது, பெயர் அவருடையது.

கல்லூரி விழாவுக்குப் புதுப் பாட்டு தயாரானது. பாட்டு உச்சத்துக்குத் தாவும் முன் டிரம்மில் நாலு அடி விழவேண்டும். அதற்கு ஃபில் என்று பெயர். ஜெபராணி செய்த இருபது ஃபில்லையும் வஜ்ரன் தள்ளிவிட்டார்.

"எல்லாம் சின்னதா இருக்கும்மா. உலகத்துல இருக்கிற எந்த டிரம்மையும் விடப் பெரிசா வேணும். முடியலேன்னா நாளையிலேருந்து வராதே."

"முடியும் சார். ஆனா மேடையிலதான் கேட்க முடியும்."

விழாவில் நாலாயிரம் பேர் ஆடினார்கள். பாட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெபராணி ஒரே மாதிரி நாலு அடி வைத்திருந்தாள். மூன்றாம் தடவையே கூட்டம் அதோடு சேர்ந்து தரையை உதைக்கத் தொடங்கியது. உச்சத்துக்கு முன் ஸ்பீக்கர் சட்டென்று அடங்கியது.

"ஐயோ, மிஷின் போச்சு!" என்று வஜ்ரன் மைக்கிலேயே அலறினார்.

அதற்குள் எட்டாயிரம் கால்கள் இறங்கின. தம், தம், தம், தம்! மேடை குலுங்கியது. பாட்டு வெடித்தது.

முடிந்ததும் விழாத் தலைவி கேட்டாள்: "அந்த ஃபில் யார் போட்டது?"

"நான்தான்," என்றார் வஜ்ரன் மைக்கில்.

"அப்புறம் ஏன் சார் மிஷின் போச்சுன்னு கத்தினீங்க?"

கூட்டம் சிரித்தது. ஜெபராணி மேடையேறினாள். "அந்த நாலு அடியை நான்தான் வேணும்னே காலியா விட்டேன். சார் கேட்ட பெரிய டிரம் நீங்கதான்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"உங்க பேரு?" என்று கத்தினார்கள்.

"ஜெபராணி."

நாலாயிரம் பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.