நூற்று நாற்பத்தாறு கிராம்

காங்கேயத்தில் ஒரு சோப்புக் கொட்டகையில் காஸ்டிக் சோடா ஒன்று இருந்தது. தன் வீரியத்தில் அதற்கு அபார நம்பிக்கை. எவ்வளவு தேங்காய் எண்ணெய் வந்தாலும் ஒரு கை பார்த்துவிடும். அன்றைக்கு அது இன்னும் குஷியாக இருந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகள் கை கழுவ சோப்பு கேட்டிருந்தார்கள்.

கொட்டகைக்காரி தெய்வானை, லிட்டர் குவளையால் பத்து முறை எண்ணெய் மொண்டு அண்டாவில் ஊற்றினாள். ஒரு கிலோ எண்ணெய்க்கு நூற்று எண்பத்து மூன்று கிராம் சோடா என்பது அவளுக்கு மனப்பாடம். பத்தால் பெருக்கி, ஆயிரத்து எண்ணூற்று முப்பது கிராம் சோடாவைத் தட்டில் கொட்டி நிறுத்தாள்.

தராசு முணுமுணுத்தது. சோடாவை நிறுத்தவள் எண்ணெயை ஏன் நிறுக்கவில்லை என்று கேட்டது. குவளைக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து முறையும் தலைதட்டி அளந்தேன், என்னிடம் குறை சொல்லாதே என்றது. எண்ணெய் மட்டும் மெதுவாக ஒப்புக்கொண்டது. குவளை நிறைந்தாலும் தனக்குக் கிலோ எடை வராதாம்.

"குறைஞ்சா என்ன? மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றது சோடா.

"எதை வச்சுப் பார்ப்பே?" என்றது தராசு. "எண்ணெய் கிடைச்ச சோடாதான் சோப்பாகும். கிடைக்காதது சோடாவாவே உள்ள கிடக்கும். நாளைக்குப் பிள்ளைங்க கையைச் சுட்டுப்புடும்."

தோலில் பட்டால் தான் என்ன செய்வோம் என்று சோடாவுக்குத் தெரியும். தன் பலத்தை நினைத்து அது முதல் முறையாகப் பயந்தது. அதற்குள் தெய்வானை அதைத் தண்ணீரில் கரைக்கத் தட்டைத் தூக்கிவிட்டாள்.

"அக்கா, எண்ணெயையும் தராசுல வைங்க" என்றது சோடா.

"பத்து லிட்டருன்னா பத்து கிலோதான?"

"தண்ணிக்கு அது சரிங்க. எண்ணெய் தண்ணி மேல மிதக்கறத நீங்க பாத்ததில்லீங்களா?"

தெய்வானையின் கை நின்றது. அண்டாவோடு நிறுத்து, அண்டாவின் எடையைக் கழித்தாள். ஒன்பது கிலோ இருநூறு கிராம்தான் வந்தது. கணக்கைத் திரும்பப் போட்டு, நூற்று நாற்பத்தாறு கிராம் சோடாவை அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள். சோடாவுக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் தட்டில் இருந்த மீதியைத் தயங்காமல் எண்ணெயோடு சேர அனுப்பி வைத்தது.

சில வாரம் காய்ந்த பிறகு அந்தச் சோப்பு அங்கன்வாடிக்குப் போனது. நாற்பது பிள்ளைகள் நுரை பொங்கக் கை கழுவினார்கள். ஒரு கைகூட எரியவில்லை. அந்தச் சோப்பில் எங்கே தேடினாலும் காஸ்டிக் சோடா இல்லை. அது செய்ததிலேயே பெரிய சாதனை அதுதான்.