காலிப் படிக்கம்

அந்த நாட்டில் வசியம் கற்றவர்கள் பேசுமுன் ஒரு வாய் தண்ணீர் எடுப்பார்கள். அதைத் துப்பினால் வசியமும் அதோடு போய்விடும். பிறகு வருவது வெறும் பேச்சு. விழுங்கினால் வசியம் சொல்லில் ஏறும். கேட்பவரால் மறுக்க முடியாது. எதிரில் இருப்பவர் அறியத் துப்ப வேண்டும் என்பது வழக்கம்.

சேந்தி நாற்பது வயதுக்கு மேல் கற்க வந்தவள். குரு கொற்றி அவளைவிட இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு காலை சேந்தி மூச்சிரைக்க வந்தாள்.

"ஏரிக்கரை கசியுது. ஊரே மேட்டுக்குப் போயாச்சு. எங்கண்ணன் மட்டும் நகர மாட்டேங்கிறான்."

"என்ன சொல்றார்?"

"'ஏரிக்கு உன்னைவிடப் பொறுமை ஜாஸ்தி'ங்கிறான். நான் வாயைத் திறந்தா 'முதல்ல துப்புடி'ங்கிறான்."

"துப்பினீங்களா?"

"வாசல் மண்ணுல துப்பினேன். 'எனக்கென்ன தெரியும், கண்ணா இருக்கு?'ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டான்." சேந்தி உட்காரவில்லை. "பார்வைதான் போச்சே, விழுங்கினாலும் அவனுக்குத் தெரியாது. விழுங்கிட்டு 'வா'ன்னு ஒரே ஒரு வார்த்தை. தப்பா குருவே?"

கொற்றி செம்பிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். துப்புவதற்கென்று கீழே வைத்திருந்த படிக்கத்தின் பக்கம் குனிந்து நிமிர்ந்தாள்.

"தப்பே இல்லை அக்கா. உயிரைக் காப்பாத்தத்தானே?"

காலையிலிருந்து நெஞ்சை அடைத்திருந்தது சட்டென்று விலகியது. இதற்குப் போய் இவ்வளவு யோசித்தோமே என்று சேந்திக்குத் தோன்றியது. வேகமாகத் திரும்பினாள். கால் பட்டுப் பித்தளைப் படிக்கம் உருண்டது.

உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"விழுங்கிட்டீங்களா?"

"ஆமா."

"அப்போ தப்புங்கறீங்க."

"அதையும் நான் சொல்லலையே."

"இப்பக்கூடத் தப்பில்லைன்னுதான் எனக்குப் படுது. இது நானா நினைக்கிறதா, நீங்க நினைக்க வச்சதா?"

"தெரியாது அக்கா."

"எப்போ தெளியும்?"

"என் குருவும் ஒரு தடவை விழுங்கிட்டு என்கிட்ட ஏதோ சொன்னார். எதைன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."

"பாடம் நடத்த நல்ல நேரம் பார்த்தீங்க!" சேந்தியின் குரல் உடைந்தது. "துப்பிட்டுச் சொன்னா நம்ப மாட்டான். விழுங்கிட்டுச் சொன்னா, நாளைக்கு அவனும் இப்படித்தான் என் முன்னாடி வந்து நிப்பான். நான் என்னதான் செய்ய?"

கொற்றி படிக்கத்தை நிமிர்த்தி வைத்தாள். இன்னொரு வாய் எடுத்து அதில் துப்பினாள். அறை முழுக்கப் பித்தளைச் சத்தம் கேட்டது.

தண்ணீரைக் கொட்டிவிட்டுப் படிக்கத்தைச் சேந்தியின் கையில் கொடுத்தாள்.

"இதை எடுத்துட்டு ஓடுங்க. காது நல்லாத்தானே இருக்கு அவருக்கு?"