தலைவர் பெயர் நுழையாத கணக்கு

பால் சங்கத் தலைவர் குழந்தைவேலுவுக்கு விழாவில் புதுப் பட்டம் கிடைத்தது. மறுநாளே கம்ப்யூட்டரில் கணக்கு இருந்த ஃபோல்டருக்கு, எல்லாப் பட்டங்களோடும் தன் பெயரை வைக்கச் சொன்னார். பெயர் அவ்வளவு நீளமானதும் கணக்கு திறக்க மறுத்துவிட்டது. வாசலில் பால் கேன்களோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள்; கணக்கில் ஏற்றாமல் பாலை ஊற்ற முடியாது. வெயில் ஏறினால் பால் திரிந்துவிடும்.

"பேரைச் சுருக்கட்டுங்களா, ஐயா?" என்றாள் டைப் அடிக்கும் தவமணி.

"ஒரு எழுத்துக் குறைஞ்சாலும் உனக்கு வேலை இல்ல!"

தவமணி கணக்கை 'பால்' என்று சின்னதாகப் பெயர் வைத்த ஃபோல்டருக்கு மாற்றினாள். அதைத் திறக்கிற ஐகானுக்கு மட்டும் தலைவர் பெயரை முழுசாக வைத்தாள். தலைவர் அமுக்கினார், கணக்கு திறந்தது.

"பாத்தியா, என் பேருக்குத்தான் திறக்குது!"

"ஆமாங்க ஐயா. பேர்ப்பலகையை வாசல்ல மாட்டிட்டேனுங்க. இத்தனை நேரம் அதையும் உள்ளே தூக்கிட்டுப் போகப் பாத்ததாலதான் கதவுல சிக்கிக்கிச்சு."

வரிசையே சிரித்தது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி சரி, பாலை ஊத்துங்க," என்றார்.