மூங்கில்மேல் சறுக்கிய தேர்

அந்தக் காலத்தில் மரத்துக்கும் வாய் இருந்தது. மரத்தில் செய்த சாமானுக்கும் வாய் இருந்தது. ஏணி ஏறுகிறவரின் கனத்தைச் சொல்லி முனகும். கதவு யாரென்று கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.

அப்போது மலைகள் சூழ்ந்த கியோட்டோ நகரில் கன்சுகே என்ற தச்சர் இருந்தார். மழை விட்டுப் புழுக்கம் தொடங்கியதும் அந்த ஊரில் விஷக்காய்ச்சல் பரவும். அதை விரட்டத்தான் தேர்த் திருவிழா. வீட்டுக் கூரைகளைத் தாண்டி நிற்கும் தேர். அதன் உச்சியில் ஓர் ஈட்டி. தேர் நுழைகிற தெருவின் காய்ச்சலெல்லாம் ஈட்டி முனையில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும் என்று ஊரார் நம்பினார்கள்.

தேருக்கு வழி பார்ப்பது முன்சக்கரம். மற்றவை அதன் பின்னால் போகும். அந்த முன்சக்கரத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கொட்டகையில் நிற்கும்போதே முன்னும் பின்னும் ஆடும். சென்ற ஆண்டு அது நெசவாளர் தெருவுக்குப் போகாமல், அரிசி உருண்டை சுடும் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடிவிட்டது. நெசவாளர் தெருவில் மட்டும் காய்ச்சல் குளிர்காலத்திலும் போகவில்லை. கன்சுகேயின் வீடு அந்தத் தெருவில்தான். இப்போது அவர் மகள், ஒத்தாயே என்ற சிறுமி, காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள்.

திருவிழாவன்று காலை கன்சுகே சக்கரத்தின் அருகே குனிந்தார்.

"இன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்துவிடு. குழந்தை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை."

"வரக்கூடாது என்றா இருக்கிறேன்?" என்றது சக்கரம். "ஆனால் ஆற்றுப் பக்கம் புதிதாக விசிறிக் கடை போட்டிருக்கிறார்களாம். எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேனே."

"போன வருஷமும் இதையேதான் சொன்னாய்."

"போன வருஷம் உருண்டைக் கடை, அண்ணா. இது விசிறிக் கடை."

தேர் கிளம்பியது. குழல் ஊதினார்கள், மணி தட்டினார்கள். கன்சுகேயின் காதில் எதுவும் ஏறவில்லை. சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடந்தார். ஆற்றுக்குப் பிரியும் வழி வந்தது. சக்கரம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

அவருக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து கெட்டியான மர ஆப்பு ஒன்றை எடுத்து, சக்கரம் திரும்பும் இடத்தில் வைத்து, சுத்தியலை ஓங்கினார்.

"அடிக்காதீர்கள் அண்ணா. அதை இறக்கினால் எனக்குத் திரும்பவே வராது."

"உன்னை யார் திரும்பச் சொன்னது?" என்று ஆப்பை முழுவதும் இறக்கிவிட்டார்.

தேர் ஆற்று வழியைத் தாண்டி நேராகப் போனது. கன்சுகே மூச்சு விட்டார். ஆனால் நெசவாளர் தெருமுனை வந்ததும்தான் அவருக்கு உறைத்தது. தெருவுக்குள் போக வேண்டுமானால் அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

வடம் பிடித்தவர்கள் இழுத்தார்கள். தேர் அசையவில்லை. ஆப்பைப் பிடுங்கப் பார்த்தார். நுனிகூட வெளியே தெரியவில்லை.

வடக்காரர்களின் தலைவன் கொஹெய் வியர்வையைத் துடைத்தான். "என்ன தச்சரே, உங்கள் தெருவைக் கொஞ்சம் நகர்ந்து வந்து தேருக்கு நேரே நிற்கச் சொல்வோமா?"

சிலர் சிரித்தார்கள். கன்சுகே தெருவுக்குள் பார்த்தார். அவர் வீட்டு ஜன்னல் மூடியே இருந்தது.

"வேறு வழியில்லை, நேராகவே இழுங்கள்" என்றான் கொஹெய்.

அப்போது முனையிலிருந்த கோயில் மதிலுக்குப் பின்னாலிருந்து சலசலவென்று ஒரு குரல் வந்தது. அது மூங்கில் தோப்பு.

"எங்களை வெட்டிப் போடுங்கள். பிளந்து, பச்சைத் தோல் மேலே தெரியும்படி சக்கரத்தின் கீழ் பரப்பி, தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பக்கவாட்டில் இழுங்கள்."

"உங்களை எப்படி வெட்டுவது?" என்றார் கன்சுகே.

"முளைத்த நாளிலிருந்து இதே இடம். திருவிழாச் சத்தத்தை மதிலுக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டு, ஆடி ஆடி அலுத்துவிட்டது. அந்தச் சக்கரத்துக்கு நிற்கத் தெரியவில்லை. எங்களுக்கு நகரத் தெரியவில்லை. ஒரு தடவை தெருவைப் பார்க்கிறோமே. வேர் இங்கேதானே இருக்கிறது, மறுபடி முளைத்துக்கொள்வோம்."

கோயில் துறவி தலையசைத்தார். கன்சுகே வெட்டினார், பிளந்தார், பரப்பினார். பெண்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கொஹெய் வடத்தைப் பக்கவாட்டில் கட்டிக் குரல் கொடுத்தான். எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள்.

கிறீச்சென்று ஒரு சத்தம். சக்கரம் உருளவில்லை, சறுக்கியது. அவ்வளவு பெரிய தேர் ஆடிக்கொண்டே கொஞ்சம் திரும்பியது. மறுபடி தண்ணீர், மறுபடி இழுப்பு. கடைசியில் தேர் தெருவைப் பார்த்து நின்றது.

ஈட்டி முனை கன்சுகேயின் கூரையைக் கடந்தபோது ஜன்னல் திறந்தது. ஒத்தாயே சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சத்தம் அப்பா அது? எனக்குத் தாகமாக இருக்கிறது."

கன்சுகே ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

அந்த ஆப்பைப் பிறகு யாராலும் எடுக்க முடியவில்லை. எடுக்க யாரும் துணியவுமில்லை. இனி எந்தத் தேரும் வழி மாறக்கூடாதென்று புதிய தேர்களையும் அப்படியே செய்தார்கள். அன்று முதல்தான் அந்த நகரத்துத் தேர்களுக்குத் தாமாகத் திரும்பத் தெரியாமல் போனது. தெருமுனை வரும்போதெல்லாம் பச்சை மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, சறுக்கித்தான் திருப்புகிறார்கள். அப்போது எழுகிற கிறீச்சொலி சக்கரத்தின் முனகலா, ஊர் பார்க்க வந்த மூங்கிலின் சிரிப்பா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.