குடத்துக்கு மீசை இல்லை

நம் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் ரொம்ப முந்தி, நெடுங்குன்ற நாட்டைக் கொற்றவாகை என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல ராஜாதான், ஆனால் முன்கோபி. காலையில் ஒருவனுக்குக் கடுக்கன் போடுவான், சாயங்காலம் அதே காதைத் திருகுவான். பல்லக்கில் போனால்தான் அவனுக்குப் பாயசம் தொண்டையில் இறங்கும்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதுவர் எதிரே வந்தார். ராஜா கிண்ணத்தை வாயில் வைத்தான், பல்லக்கு ஒரு குலுங்கு குலுங்கியது. அவ்வளவுதான்! மீசையெல்லாம் பாயசம். தூதுவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமித் தள்ளினார்.

அரண்மனைக்கு வந்ததும் ராஜா கத்தினான். "எங்கே அந்த இருளப்பன்?"

பல்லக்குத் தூக்குகிறவர்களின் தலைவன் இருளப்பன் ஓடிவந்து காலில் விழுந்தான். "மகாராஜா, பழைய ஆட்கள் எட்டுப் பேருக்கும் வயசாகிப் போச்சு. புது ஆள் பழக ரெண்டு வருஷம் ஆகும். ஆறு மாசந்தான் ஆகியிருக்கு."

"அதுவரை நான் பாயசம் குடிக்க வேண்டாமா?"

பக்கத்தில் நின்ற அரண்மனைப் புலவர் கோளரிப் பண்டிதர் மெல்லத் தொண்டையைச் செருமினார். ராஜா இன்னொருவன் பேச்சைக் கேட்டாலே இவருக்கு வயிறு எரியும். "அரசே, ஆட்களைப் பழக்குவது எப்படி என்று அடியேன் ஒன்பது சுவடி எழுதியிருக்கிறேன். இவன் ஒன்றையாவது தொட்டிருப்பானா?"

"தொட்டேன் சாமி. தோளில் வச்சும் பார்த்தேன். பல்லக்கைவிட லேசாத்தான் இருந்தது" என்றான் இருளப்பன்.

சபை சிரித்தது. பண்டிதர் முகம் சிவந்தது. "படையிலிருந்து எட்டுப் பேரைக் கொடுங்கள் அரசே. எட்டே நாளில் பழக்கிக் காட்டுகிறேன்!"

"எட்டாம் நாள் மாமனார் ஊருக்குப் போகிறேன். பண்டிதர் ஜெயித்தால், இருளப்பா, நீயும் உன் ஆட்களின் நாற்பது குடும்பமும் அன்றைக்கே எல்லை தாண்ட வேண்டும்" என்றான் ராஜா.

இருளப்பன் நேரே அமைச்சர் வயிரவநாதரிடம் போய் அழுதான். "என் மக நிறைமாசம் ஐயா. அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திக் கூட்டிப் போவேன்?"

"அழாதே. புது ஆளுக்கு முதலில் என்ன சொல்லிக் கொடுப்பாய்?"

"பாட்டு ஐயா! அதுதான் பல்லக்கைத் தாங்குது. எங்க அப்பன், அவனோட அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்."

"பாடாமல் தூக்கிப் பார்த்தது உண்டா?"

"ஐயையோ, சாமி குத்தமாயிடும்!"

அமைச்சர் தாடியைச் சொறிந்துகொண்டே பண்டிதர் வீட்டுக்குப் போனார். அவரிடமும் அதே கேள்விதான். முதல் பாடம் என்ன?

"எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்து வைப்பது. படை நடப்பதைப் பார்த்து எழுதினேன்."

"பல்லக்குத் தூக்குவதைப் பார்க்கவில்லையா?"

"எதற்கு? நான்தான் பல்லக்கில் ஏறியிருக்கிறேனே!"

எட்டாம் நாள் காலை. ராஜா பல்லக்கில் கால் வைக்கப் போனான். அமைச்சர் குறுக்கே நின்றார். "அரசே, முதலில் ஒரு தண்ணீர்க்குடம் போய் வரட்டும்."

"என் ஆசனத்தில் குடமா?"

"குடத்துக்கு மீசை இல்லை அரசே."

ராஜா மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒதுங்கினான். விளிம்பு வரை நிரப்பிய குடத்தை ஏற்றினார்கள். பண்டிதரின் எட்டுப் பேர் அழகாக ஒரே கால் வைத்து நடந்தார்கள். கோயில் குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் பாதிக்குடம் காலி. அடுத்து இருளப்பனின் புது ஆட்கள் பாடிக்கொண்டே போனார்கள். அதுவும் பாதி காலி.

அமைச்சர் வயசான பழைய ஆட்களைக் கூப்பிட்டார். முட்டிவலியோடு பாடித் தூக்கினார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை!

"பார்த்தீங்களா, பாட்டு!" என்று குதித்தான் இருளப்பன்.

"இப்போது வாயை மூடிக்கொண்டு தூக்குங்கள்."

கிழவர்கள் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு தூக்கினார்கள். அப்போதும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ராஜாவுக்குக் கோபம் எங்கே போயிற்றோ, சின்னப் பிள்ளைபோல் "அப்புறம் என்னதான் காரணம்? சொல்லுமேன்!" என்று அமைச்சர் கையைப் பிடித்து உலுக்கினான்.

"எனக்குத் தெரியாது அரசே. பண்டிதருக்குத்தான் கூர்மையான கண். பண்டிதரே, அவர்கள் காலைப் பாரும்."

பண்டிதர் பட்டு வேட்டியோடு புழுதியில் மண்டியிட்டார். கிழவர்கள் இன்னொரு சுற்று வந்தார்கள். பண்டிதர் முகம் தொங்கிப் போயிற்று. சொன்னால் தன் சுவடி போச்சு. சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. "ஒருவர் காலோடு இன்னொருவர் கால் சேரவே இல்லை அரசே. எட்டுக் காலும் ஒன்றாக விழுந்தால் எட்டுக் குலுக்கலும் ஒன்றாகச் சேர்கிறது. மாறி மாறி விழுந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடுகிறது."

இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "பாட்டுக்குத் தாளம் உண்டே! புதுசா வர்றவன் தாளத்துக்குத்தானே காலை வைப்பான்! நாங்களே குலுக்கக் கத்துக்கொடுத்துட்டு, அதை மறக்கடிக்க ரெண்டு வருஷம் உசிரை விட்டிருக்கோம்!"

புது ஆட்களை வாய் மூடி, கால் மாற்றி நடக்கச் சொன்னார்கள். மூன்றாம் சுற்றில் நாலே சொட்டுத்தான் சிந்தியது. ராஜா கைதட்டினான். முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "இருளப்பா, மகள் பேறுகாலம் அரண்மனைச் செலவு. பண்டிதரே, ஒன்பது சுவடி எழுதினீர், ஒருநாளாவது தோள் கொடுத்தீரா? மாமனார் ஊர்வரை நீரும் ஒரு கை பிடியும். பத்தாவது சுவடியை இருளப்பன் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் நான் தொடுவேன்."

பண்டிதர் தூக்கினார். திரும்பி வந்து எழுதவும் எழுதினார். முதல் ஏட்டை இருளப்பனுக்குப் படித்துக் காட்டினார். "இதை எழுதியவன் தோளில் பல்லக்குத் தூக்கிய காய்ப்பு உண்டு."

இருளப்பன் அவர் மேல்துண்டை விலக்கித் தோளைத் தொட்டுப் பார்த்தான். "தப்பு சாமி. இது வெறும் கொப்புளம். காய்ப்புக்கு இன்னும் மூணு மாசம் தூக்கணும்."

பண்டிதர் எழுத்தாணியை எடுத்து, 'காய்ப்பு' என்பதை அடித்துவிட்டுக் 'கொப்புளம்' என்று எழுதினார்.