சொந்த விருப்பத்தின் பேரில்

பஞ்சு மில் ஓடிய காலத்தில், தலையெல்லாம் பஞ்சு ஒட்ட நூல் சுற்றியவள் மாராத்தாள். மில் மூடிய பிறகும் மூணு மணியானால் அவள் காது அந்த ஷிஃப்டுச் சங்கைத் தேடும். மூடும்போது மேனேஜர் நீட்டிய அச்சடித்த காகிதத்தில், மற்றவர்களைப் போல அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அந்தக் காகிதத்தோடு வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டுப் போனாள். அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நீயா விலகியிருக்கே. அவங்க நிறுத்தியிருந்தாத்தான் உதவி. விருப்பமில்லாமப் போட்டேன்னா, இந்தக் காகிதத்துலயே காட்டு, பார்ப்போம்!”

“காட்டறனுங்க. நீங்களே சத்தமாப் படியுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆபீஸே கேட்கப் படித்தார்: “நோயுற்ற என் மனைவியைக் கவனிக்க வேண்டியிருப்பதால், சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன். இப்படிக்கு, மாராத்தாள்.”

பின்னால் நின்ற மில்காரர்களின் வரிசை கொல்லென்று சிரித்தது.

“ஆம்பளைங்களுக்கு அடிச்ச காகிதமுங்க. எங்க விருப்பத்தையும் அவங்களே எழுதிட்டாங்க. என்ற சம்சாரத்தை வேணும்னா நாளைக்குக் கூட்டியாறட்டுங்களா?”

அதிகாரி ‘வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்’ என்று எழுதி முத்திரை குத்தினார். “அடுத்து!”

மில் கேட்டில் ஷிஃப்டுக்கு நின்ற அதே வரிசைப்படி, ரங்காத்தாள் முன்னால் வந்து காகிதத்தை நீட்டினாள்.

“என்ற சம்சாரத்துக்கும் மேலுக்கு முடியலீங்க.”