செவலை பேச்சை விட்ட இரவு

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, நாணற்குடியில் ஒருநாள் விளக்கு வைத்த பிறகு மருதியின் வீட்டு விறகுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தை சிணுங்குவது போலவும் இருந்தது, திருகைக் கல் தானாகச் சுற்றுவது போலவும் இருந்தது. தன் குழந்தையா என்று பார்த்தாள். சிட்டு தூளியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மருதி அசையவில்லை. முதுகைக் கதவில் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் சேந்தன் உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போனதிலிருந்து ராத்திரியில் அவளுக்கு அதுதான் வேலை. நாணற்குடியில் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. மழைக்காலத்தில் அடுப்பு அணைந்துபோனால் ஓட்டுச் சில்லை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "நெருப்பு இருக்கா?" என்று கேட்டுத் தணல் வாங்கிவர வேண்டும். நெருப்புக் கேட்டு வருகிறவருக்குக் கதவு அடைத்திருக்கக் கூடாது. உள்ளேயிருந்து தாழ்போடுவது ஊரையே குளிரில் தள்ளிவிடுவதற்குச் சமம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த வழக்கத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது ஒரு சிறுத்தை. பகலெல்லாம் பாறைமேல் படுத்து, ஊரார் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவர் குரலையும் தொண்டையில் சேர்த்துவைத்துக்கொண்டது. இருட்டினதும் இறங்கிவந்து, தெரிந்தவர் குரலில் நெருப்புக் கேட்கும். ஆற்றோர வீட்டில் அப்படித்தான் கேட்டது. அந்த வீட்டுக்காரி தணலை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். விடிந்தபோது தூளி காலியாக இருந்தது.

சிணுங்கல் நிற்கவில்லை.

"யாரது?" என்றாள் மருதி, கதவோடு ஒட்டியபடியே.

"நான்."

"நான்னா யாரு?"

சத்தம் சற்று யோசித்தது. "தெரியலை. பசிக்குது."

சிறுத்தைக்குத் தான் யார் என்று தெரியாமல் இருக்காது. மருதி கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தாள். மழையில் ஊறிய சுரைக்காய் போல ஒரு செம்பழுப்பு நாய்க்குட்டி. நாய்கள் அப்போது காட்டில்தான் இருந்தன. அதன் தாயைச் சிறுத்தை கொண்டுபோயிருந்தது. மருதி அதைத் தூக்கி, மூலையில் கிடந்த சேந்தனின் பழைய துண்டில் சுருட்டிப் போட்டு, ஆட்டுப்பாலில் கம்பங்கூழைக் கரைத்துக் கொடுத்தாள். குடித்து முடித்து அந்தத் துண்டுக்குள்ளேயே மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தாள்.

அதன் கூடப்பிறந்தது ஒன்று பாறையடியில் கிடந்ததை மறுநாள் இடும்பன் எடுத்துவந்தான். இடும்பன் எதிர்வீட்டுக்காரன், யானையையே மிரட்டியதாகச் சொல்லிக்கொள்கிறவன்.

"இங்க பாரு மருதி," என்றான். "காவலுக்கு வளக்கறதுன்னா இருட்டுல கட்டிப்போடணும். மிளகாயை அரைச்சு ஊட்டணும். யார் கையும் படக்கூடாது. அப்பத்தான் வெறி வரும்."

இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது என்ன செய்யும் என்று மருதிக்குத் தெரியும். இலை அசைந்தால் நெஞ்சு அடைக்கும். எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகிவிடும். பயந்தவளுக்குக் காவலாகப் பயந்த குட்டி ஒன்று எதற்கு?

அவள் வேறு மாதிரி வளர்த்தாள். குடித்ததும் தூங்கி எழுந்ததும் வெளியே தூக்கிக்கொண்டுபோய் வேலியோரம் விட்டாள். அங்கே காரியம் முடித்தால் கழுத்தைச் சொறிந்துவிட்டாள். உள்ளே நனைத்துவிட்டால் திட்டாமல் சாணி போட்டு மெழுகினாள். அது விரலைக் கடித்தால் "ஆ" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விளையாட்டு அதோடு நின்றுபோகும். அது செவலைக்குப் பெரிய தண்டனை.

"கடிச்சா ஏன் பேசமாட்டேங்கற?"

"வலிக்குது. அதான்."

"சிட்டு கடிச்சா பேசறியே?"

"அவளுக்குப் பல்லு இல்லடா."

செவலை இதை வெகுநேரம் யோசித்தது. பிறகு கடிக்கவில்லை.

தினமும் காலையில் ஒரு இடுப்பில் சிட்டு, இன்னொரு பக்கம் சேலை முடிச்சில் செவலை என்று மருதி வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு உருண்டை கம்பஞ்சோற்றை அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "நீங்களே குடுங்க, கையை மோந்து பார்க்கட்டும்," என்பாள். உலக்கை இடிக்கும் இடத்திலும் மாட்டு மணி ஆடும் இடத்திலும் பறை அடிக்கும் இடத்திலும் கொண்டுபோய் நின்றாள். தடி ஊன்றி நடக்கும் விறகுவெட்டியைக் கண்டால் மட்டும் செவலை முடிச்சுக்குள் புதைந்துகொள்ளும். மருதி இழுக்கமாட்டாள். தூரத்தில் உட்கார்ந்துகொள்வாள். தடி பேசாமல் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அதுவாகவே போய்த் தடியை மோந்துவிட்டுத் திரும்பி வந்தது. மருதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு ஒச்சாயி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி மருதி, குட்டிக்கு மாப்பிள்ளை பார்க்கவா வீடு வீடா கூட்டிட்டுப் போற?"

"ஆமாக்கா. உங்க வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு. பேசாம ஒரு மூலையில படுத்துக்கிட்டிருக்கச் சொன்னா எங்க வேணும்னாலும் வருவாரு."

இடும்பனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "கண்டவன் கையில எல்லாம் சோறு தின்னுட்டு வாலாட்டறது காவலா? நாளைக்குச் சிறுத்தை ஒரு உருண்டை குடுத்தா அதுகூடப் போயிடும்."

"ஊரை முழுசாத் தெரிஞ்சாத்தாண்ணே, ஊரைச் சேராதது எதுன்னு தெரியும்," என்றாள் மருதி. சொல்லும்போது குரல் நடுங்கத்தான் செய்தது. சொன்ன பிறகு நிமிர்ந்தே நடந்து வந்தாள்.

இடும்பனின் குட்டி இருட்டுக் குழியில் வளர்ந்தது. அதற்கு யாரையும் தெரியாது. பூனை போனாலும் "சிறுத்தை", காற்றடித்தாலும் "சிறுத்தை", இடும்பனே தண்ணீர் கொண்டுவந்தாலும் "சிறுத்தை" என்று கத்தியது. ஊரார் முதலில் பந்தத்தோடு ஓடிவந்தார்கள். பிறகு புரண்டு படுத்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரை புரண்டு ஓடியது. சேந்தன் வரவேண்டிய நாள் வந்து, போயும் விட்டது. செவலை இப்போது இறவாரத்தில், வாசலுக்குக் குறுக்கே, அந்தப் பழைய துண்டின்மேல் படுத்தது. உள்ளே மருதி கதவில் சாய்ந்திருப்பாள். நடுவில் ஒரு பலகை. அதன் மூச்சு கேட்டால் அவளுக்குக் கண் அசரும்.

மழை ஓய்ந்து சொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் வாசலில் குரல் கேட்டது.

"மருதி. நான்தான். ஆத்தைக் கடந்து வந்துட்டேன். உடம்பெல்லாம் வெடவெடங்குது. நெருப்பு இருக்கா?"

சேந்தனின் குரல். அவன் 'மருதி' என்று சொல்லும்போது கடைசியில் லேசாக இழுப்பான். அந்த இழுப்பும் இருந்தது. அவள் எழுந்தே விட்டாள். கை கதவில் பட்டது.

"திறக்காதேம்மா," என்றது வெளியிலிருந்து செவலை. "இது அப்பா இல்லை. துண்டு வாசனை வரலை."

கை நின்றது. அடுத்த நொடியே, அதே செவலையின் குரல் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது: "திற அம்மா. அப்பாதான். துண்டு வாசனை வருது."

மருதி பலகையில் காதை வைத்தாள். "செவலை, எங்க இருக்கே?"

"வாசல்லதான்," என்றது ஒரு குரல்.

"வாசல்லதான்," என்றது இன்னொன்று.

"சாயங்காலம் என்ன குடிச்சே?"

"கம்பங்கூழ்."

"கம்பங்கூழ்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் குழியிலிருந்து இடும்பனின் குட்டி "சிறுத்தை, சிறுத்தை" என்று கத்தியது. ஒரு வீட்டிலும் விளக்கு அசையவில்லை. "அப்பா குளிர்ல நிக்கிறாரம்மா," என்று ஒரு செவலை அழுதது. "திறக்காதே, திறக்காதே," என்று இன்னொரு செவலை அழுதது. உண்மையிலேயே அவன்தான் நின்றுகொண்டிருந்தால்? ஆற்றில் நனைந்து வந்தவனை வாசலிலேயே விட்டுவிட்டால்? தூளியில் சிட்டு விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கதவில் ஏதோ ஒன்று மெதுவாகச் சாய்ந்தது. பலகை உள்பக்கம் வளைந்தது.

செவலை தன் வாயிலிருந்து போகும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் புள்ளிக்காரன் வாயிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டது. எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவன் எடுத்துக்கொள்கிறான். இன்னும் சொல்லச் சொல்ல அம்மாவுக்குக் குழப்பம்தான் கூடுகிறது. அப்படியானால் எடுத்துக்கொள்ள அவனுக்கு எதுவுமே மிச்சம் இருக்கக் கூடாது.

செவலை தனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கீழே போட்டது. பசிக்குது என்ற சொல்லை, சிட்டு என்ற சொல்லை, தன் பெயரை, கடைசியாக அம்மா என்பதையும். எல்லாம் போன பிறகு அடிவயிற்றில் ஒன்று மட்டும் இருந்தது. அதற்குப் பொருள் கிடையாது. அதை அப்படியே வெளியே விட்டது.

"வள்."

அதுவரை உலகத்தில் யாரும் கேட்காத சத்தம். "வள், வள், வள்." சிறுத்தையும் வாயைத் திறந்து முயன்று பார்த்தது. எத்தனையோ குரல்களைச் சேர்த்துவைத்திருந்த அந்தத் தொண்டையில், ரம்பம் அறுப்பது போல ஓர் இருமல்தான் வந்தது.

இரண்டு சத்தமும் இப்போது வேறு வேறாகக் கேட்டன. மருதி கையைக் கதவிலிருந்து எடுத்தாள். திரும்பி, முதுகை முழுவதுமாகப் பலகையில் கொடுத்து, காலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

"அக்கா," என்று கத்தினாள். "கத்தறது எங்க செவலைதான். நம்ம செவலை."

ஊர் எழுந்தது. யார் வீட்டுச் சோற்றையும் தின்னும், யாரைப் பார்த்தும் வாலாட்டும், ஒருநாளும் வீணாகக் கத்தியதில்லை, அப்பேர்ப்பட்ட குட்டி கூப்பிடுகிறது என்றால் காரணம் இருக்கும். ஒச்சாயிதான் முதலில் பந்தத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால், மூலையில் படுத்திருக்கும் அவள் வீட்டுக்காரரும் வந்தார். இத்தனை நெருப்பைச் சிறுத்தை கேட்டிருக்கவில்லை. நாணலைப் பிளந்துகொண்டு ஓடியது. அதன்பிறகு அந்தக் கரைக்கு அது வரவேயில்லை.

கதவு திறந்தபோது செவலை துண்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. சிறுத்தையின் நகம் பட்டு ஒரு காது கிழிந்து ரத்தம் வடிந்தது. "செவலை," என்றாள் மருதி. அது வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. மறுபடி திறந்தது. பிறகு வாலை ஆட்டியது.

மருதி வாசலிலேயே உட்கார்ந்து அதை மடியில் இழுத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ஊராரைப் பார்த்து, "என் பிள்ளை வளந்த வளப்பைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தோம்டி," என்றாள் ஒச்சாயி. "இந்த ஊர்லயே பேசாம வேலை பாக்கற ஒரே ஆள் இதுதான்."

விடிந்ததும் இடும்பன் தன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கும் ஊரைக் காட்டு தாயி," என்றான். மருதி சேலை முடிச்சை அகலமாக்கிக்கொண்டாள். மற்ற நாய்களும் ஒவ்வொன்றாகக் காட்டை விட்டு வந்தன. செவலையைப் பார்த்துத் தங்கள் பேச்சையும் விட்டன.

ஆறு வடிந்த பிறகு, ஒருநாள் அந்தி நேரத்தில், "மருதி" என்று ஒரு குரல் கூப்பிட்டது. கடைசியில் லேசாக இழுத்தது. மருதி நின்ற இடத்தில் நின்றாள். திறக்கவும் இல்லை, பதிலும் சொல்லவில்லை.

வந்தவன் தோளில் உப்பு மூட்டையோடு விழித்தான். தன் வாசலில் தனக்குத் தெரியாத ஒரு நாய். அது குரைக்கவில்லை. அவன் குரலைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கிட்டே வந்து, தொங்கிக்கொண்டிருந்த கையை மோந்தது. விரல் விரலாக மோந்தது. எத்தனையோ இரவுகள் மூக்கைப் புதைத்துத் தூங்கிய துண்டின் வாசனை அது. செவலையின் வால் கதவில் அடித்தது. தட், தட், தட்.

அந்தத் தட்டலுக்குத்தான் மருதி கதவைத் திறந்தாள்.

எல்லாம் கேட்டு முடித்த சேந்தன் செவலையின் கிழிந்த காதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு பழைய உலக்கையை அறுத்து, கதவின் உள்பக்கம் இரண்டு முளை அடித்து, குறுக்குக் கட்டை செய்தான்.

"யாராவது நெருப்புக் கேட்டு வந்தா?" என்றான்.

"வரட்டும். யாருன்னு செவலை சொல்லும்."

அன்று முதல்தான் நாய்க்குப் பேச்சில்லை. வருகிறவர் என்ன சொன்னாலும் நம்பாமல் முதலில் கையை மோந்துபார்க்கிறது, தெரிந்தவருக்கு வாலாட்டுகிறது, தெரியாதவருக்குக் குரைக்கிறது. அன்று முதல்தான், நாய் வாசலில் படுத்துவிட்டது என்று தெரிந்ததும், பிள்ளை பெற்றவள் கதவிலிருந்து தன் முதுகை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போடுகிறாள்.